மேற்கட்டியும் கூலியும்

மோட்டார் வண்டியின் உள்ளே, இருப்போர் தலைக்கு மேலே, தகரக் கூரையை மறைத்து அமைக்கப்பெறும் துணிக்கு நம்மவர் வழங்கும் பெயர்கள் பல. ஒருவர் சீலிங் என்பர். மற்றொருவர் லைனிங் என்பர். வேறொருவர் விரலால் மேலே சுட்டி, 'இந்தத் துணி' என்று முடித்துவிடுவர். மண வீட்டிலும் மண்டபத்திலும் கூரையின் கீழே விரித்துக் கட்டும் துணியை நம் முன்னோர் மேற்கட்டி என்றனர். அச்சொல் இதற்கும் நன்கு பொருந்தும். எனினும் ஈண்டு எழுதப் புகுந்தது சொல்லாராய்ச்சியன்று. அம்மேற்கட்டியை மாற்றுவதற்கு ஆகும் செலவைப் பற்றியே. பண்டிதனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்போர் இருக்கலாம். நெடுந்தீவில் வாழ்பவன் வண்டிச் செலவைச் சிந்தியாதிருத்தல் அரிது.

'இரண்டு கெசத் துணிக்கு இத்துணை பணமா?' என்பதே எங்கும் கேட்கும் முறைப்பாடு. சிறிய காருக்கு அகலத் துணி இரண்டு கெசம் போதும் என்பது உண்மைதான். ஆனால் நாம் கொடுக்கும் பணம் துணிக்கன்று. 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்ற பழமொழியை நாம் ஏளனமாகவே சொல்லிப் பழகிவிட்டோம். இவ்விடத்தில் அது ஏளனமன்று, நேரான கணக்கு.

வேலையின் இயல்பை நோக்குக. யாழ்ப்பாணத்து வீதிகளில் நெடுங்காலம் ஓடிய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் போன்ற பழைய கார்களில் மேற்கட்டி கம்பிகளிலே தொங்குவது. துணியின் மேற்புறத்தில் குறுக்கே உறைகள் தைத்து, அவற்றினுள் வளைந்த கம்பிகளைச் செலுத்தி, பக்கங்களில் இழுத்துச் சுருக்கமின்றி ஒட்டவேண்டும். பல வண்டிகளில் முன் கண்ணாடியையும் பின் கண்ணாடியையும் றப்பரோடு கழற்றினாலன்றித் துணியின் ஓரம் அகப்படாது. பழங் கண்ணாடி உடைந்தால் மாற்றுக் கண்ணாடி எளிதிற் கிடைப்பதன்று. அந்த அச்சத்தைத் தாங்கி நிற்கும் கைக்கும் கூலி உண்டன்றோ?

புதிய வண்டிகளின் முறை வேறு. அங்கே அச்சில் வார்த்த அட்டை ஒன்று உண்டு. அதன்மேல் மெல்லிய பஞ்சுநுரை முதுகுடைய துணி ஒட்டப்பட்டிருக்கும். வெயிலும் ஈரக்காற்றும் சேர்ந்தால் அந்நுரை சில ஆண்டுகளில் பொடியாகும். துணி பிரிந்து பயணியின் தலையைத் தடவும். பழுதானது துணியன்று, நுரையே என்பதைப் பலர் அறியார். பழைய நுரை முழுவதையும் அட்டையிலிருந்து சுரண்டித் துடைத்த பின்னரே புதுத்துணி ஒட்டவேண்டும். வேலையின் பெரும்பகுதி இச்சுரண்டல்தான். முடிந்தபின் கண்ணுக்குத் தோன்றாததும் இதுவே. கூலியைக் குறைக்குமாறு நெருக்கினால் வேலைக்காரர் எதை விடுவார்? இதைத்தான் விடுவார். பொடிந்த நுரைமேல் பசை பூசி ஒட்டுவார்; அல்லது வெயிலில் இளகும் மலிவுப் பசையை எடுப்பார். அடுத்த பங்குனி வெயிலில் துணி மீண்டும் தொங்கும். பேரம் பேசி மிச்சம்பிடித்தவர் இரண்டாம் முறையும் கொடுப்பார்.

ஆகவே தொகையை மட்டும் கேளாது, துணிக்கு எவ்வளவு, பசைக்கு எவ்வளவு, கழற்றிப் பூட்ட எவ்வளவு, சுரண்ட எவ்வளவு என்று பிரித்து எழுதித் தருமாறு கேட்பதே முறை. எழுதித் தர மறுக்கும் கடையை விட்டு அகல்வதிலும் பிழையில்லை. எழுதித் தந்தவரோடு கூலிக்காக வாதாடுதல் தகாது. ஓலை வேய்ந்த வீடுகள் நிறைந்திருந்த காலத்தில் ஓலை நம் வளவுப் பனையிலிருந்தே இறங்கியது. அதற்கு விலை இல்லை என்பதனால் வேய்ந்தவருக்குக் கூலி இல்லை என்று யாரேனும் சொன்னதுண்டா? வகுப்பறையில் உழைப்பின் உயர்வைப் பாடம் சொல்லும் ஆசிரியர்களே கடைவாசலில் இதை மறந்துவிடுகின்றனர் என்பது என் வருத்தம்.

1990 முதல் பொருளாதாரத் தடை நிலவிய ஆண்டுகளில் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களை நினைத்துப் பார்க்க. அவற்றைக் காத்தவை இத்தகைய கைகளே. 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 மாசியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கும்வரை, நாடு முழுவதும் பழைய வண்டியைப் பேணியே காலங்கழித்தது.

எம் தீவுக்குரிய சிக்கல் கடல். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணை, வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவான்வரை தரைவழி. அதன்பின் ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகுப் பயணம். இரண்டு கெசத் துணிக்காக வண்டியைப் படகேற்றினால் ஏற்றுகூலியும் இறக்குகூலியும் தையற்கூலியை விழுங்கிவிடும். வாடகை வண்டியாயின் ஓடாத நாட்களின் வருமானமும் போம். ஆதலின் என் கருத்து இது: வண்டி கடல் கடக்க வேண்டியதில்லை. கம்பியில் தொங்கும் பழைய வகையாயின், இரண்டு மூன்று உரிமையாளர் சேர்ந்து தையல் வல்லுநர் ஒருவரை இங்கே அழைத்து, தங்க இடமும் உணவும் கொடுத்து, எல்லா வண்டிகளையும் ஒருங்கே முடிப்பிக்கலாம். அட்டை வகையாயின், வானின் பின்கதவு வழியே அட்டையை மட்டும் கழற்றி எடுத்து அனுப்பலாம். மடித்தால் முறிந்துவிடும், எனவே பலகையோடு சேர்த்துக் கட்டி, கடல்நீர் தெறியாதபடி பொலித்தீன் சுற்றவேண்டும். ஓரங்களில் காற்றுப்பை உள்ள புது வண்டியாயின், அதை அறிந்தவரே கழற்றட்டும். அனுப்புமுன் கூரைத் தகரத்தில் உப்புத் துரு தின்ற துளை உண்டா என்று ஒரு வாளி நீரூற்றிப் பார்க்கவும். ஒழுக்கை அடைக்காது துணி மாற்றுவோர் அடுத்த மாரியிலேயே கறை காண்பர்.