வண்டல் மூடிய துறை



கோடை விடுமுறையில் ஒரு நாள், அலங்காநல்லூரிலிருந்து முதற் பேருந்தில் குடும்பத்துடன் புறப்பட்டோம். மதுரையில் வண்டி மாறித் தூத்துக்குடி சேர்ந்து, திருச்செந்தூர்ச் சாலையில் தெற்கே செல்கையில் உப்பளங்கள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. பின்னர் வாழைத் தோட்டங்களும் ஆத்தூரின் வெற்றிலைக் கொடிக்கால்களும் தோன்றின. அங்கிருந்து கிழக்கே பிரியும் சாலை முடியுமிடம் புன்னைக்காயல். தாமிரபரணி கடலோடு கலக்கும் ஊர்.

"துறைமுகம் எங்கே, அப்பா?" என்றான் கப்பல்களை எதிர்பார்த்து வந்த இளைய மகன். அவன் கண்டதோ அமைதியான கழிமுகமும், கரையேறிய படகுகளும், நிழலில் அமர்ந்து வலையின் கிழிசலைச் சரிசெய்யும் முதியவரும்தான்.

அம்முதியவரே விடை பகர்ந்தார்: "ஆற்று மண் மூடிவிட்டது, தம்பி."

உண்மைதான். பாண்டியரின் முத்துத் துறையான கொற்கை இன்று கடலை விட்டு விலகிய சிற்றூர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வியந்த காயலும் அவ்வாறே தூர்ந்தது. அடுத்துச் சிறந்த புன்னைக்காயலும் தன் முதன்மையைத் தூத்துக்குடிக்கு விட்டுக்கொடுத்தது. வயலுக்கு வண்டல் செல்வம் என்பதை உழவர் ஊராராகிய நாங்கள் அறிவோம். அதுவே துறைமுகத்துக்கு முடிவாகும் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டோம்.

மாதா ஆலயத்தில் செபித்துவிட்டு, வெளியே மர நிழலில் கட்டுச்சோற்றை அவிழ்த்தோம். அப்போது பிள்ளைகளுக்கு அன்றீக்கே அன்றீக்கசு அடிகளாரைப் பற்றிச் சொன்னோம். 1520இல் போர்ச்சுகலில் பிறந்த இச்சேசு சபைக் குரு, புனித சவேரியார் விட்டுச் சென்ற முத்துக்குளித்துறைப் பணியைத் தொடர்ந்தவர். தமிழை முயன்று கற்று, அதற்கு இலக்கணமும் எழுதினார். 1578இல் கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. 1586இல் வெளிவந்த 'அடியார் வரலாறு' இப்புன்னைக்காயலிலேயே அச்சிடப்பட்டது என்பர். 600 பக்கங்களுக்கு மேற்பட்ட நூல் அது! முத்துக்குளிக்கும் மக்களே அச்சுப் பணிக்குப் பொருள் உதவினர். அடிகளார் 1600இல் இவ்வூரிலேயே உயிர் துறந்தார். அவர் உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது.

பிற்காலத்தில் அந்நூல் நம் மக்களின் நினைவிலிருந்தே மறைந்தது. வத்திக்கான் நூலகம் காத்துவைத்த படியைக் கொண்டு, இராசமாணிக்கம் அடிகளார் 1967இல் அதனை மீண்டும் பதிப்பித்தார்.

மாலை வெயில் சாயப் பேருந்து ஏறினோம். துறைமுகத்தை மூடியது ஆற்று வண்டல். அதைத் தடுக்க எவராலும் இயலவில்லை. ஆனால், மூழ்கி முத்தெடுத்த கைகள் பொருள் தந்து உருவாக்கிய நூலை மூடியது எது? நம் மறதியன்றோ? நம் வீட்டுப் பரணில் பாட்டியாரின் பழைய செபப் புத்தகங்கள் கிடக்கலாம். இன்றே எடுத்துத் தூசி தட்டுவோம். இரவுச் செபமாலை முடிந்ததும், புனிதர் ஒருவரின் வரலாற்றில் ஒரு பக்கத்தையேனும் பிள்ளைகளைக் கொண்டு உரக்கப் படிக்கச் செய்வோம். இந்த வண்டலை அகற்ற நம்மால் இயலும்.