‘இது ஏன் இல்லை?’னு யாரைக் கேட்டீங்க?

ராத்திரி பதினொன்றரை மணி. ஹாஸ்டல் ரூம். ஃபேனை ஆஃப் பண்ணியாச்சு. இல்லைன்னா மைக்ல ஃபேன்தான் பாடும்! ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்குல பெட்ஷீட்டைச் சொருகி, வேர்த்து விறுவிறுத்து உங்க ஃப்ரெண்ட் பாடிட்டு இருக்கான். நாலு தடவை பாடியாச்சு. முதல் டேக்ல பல்லவி சூப்பர். மூணாவதுல சரணம் அள்ளுது. நாலாவதுல அந்தக் கடைசி வரி... அடடா! நாலையும் பிரிச்சு, நல்லது நல்லதா எடுத்து ஒட்டினா பாட்டு ரெடி.

ஒட்ட உட்காருறீங்க. உங்க ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல அதுக்கு நேரான வழியே இல்லை. வெட்டி, நகர்த்தி, மறுபடி வெட்டி, ஒண்ணு சரியானா இன்னொண்ணு கோணி... மணி ரெண்டு. “என்ன மொக்கை சாஃப்ட்வேர்டா இது!”னு லேப்டாப்பை மூடிட்டுப் படுத்துடுறீங்க. மறுநாள் சீனியர்கிட்ட பென் டிரைவை நீட்டி, “அண்ணா, வேற ஏதாவது இருக்கா?”

ஒரே ஒரு கேள்வி பாஸ். ‘இது ஏன் இல்லை?’னு அந்த சாஃப்ட்வேரைச் செஞ்சவங்ககிட்ட என்னைக்காவது கேட்டிருக்கீங்களா?

சிரிக்காதீங்க. மெஸ் சாம்பார்ல உப்பு இல்லைன்னா வார்டன் ரூம் வரைக்கும் ஊர்வலம் போற ஆளுங்க நாம. தினமும் நாலு மணி நேரம் புழங்குற சாஃப்ட்வேர்ல ஒண்ணு இல்லைன்னா மட்டும் விதியேன்னு விட்டுடுறோம். ஏன்? அதைச் செஞ்சவங்க ஏதோ ஆகாயத்துல இருக்காங்கன்னு நினைப்பு.

காசு கொடுத்தவங்களுக்கும் இதே கதிதான்

“ஃப்ரீ சாஃப்ட்வேர்னா அப்படித்தான் இருக்கும்”னு சொல்ற ஆளா நீங்க? அப்ப இதைக் கேளுங்க.

உங்க ஃப்ரெண்டோட நாலு டேக்கையும் கோத்து ஒண்ணாக்குற வேலைக்கு ‘காம்ப்பிங்’னு பேர். ஆபிள்டன் லைவ்... உலகம் முழுக்க மேடையிலயும் ஸ்டூடியோவுலயும் ஓடுற பெரிய சாஃப்ட்வேர். முதல் பதிப்பு 2001ல வந்தது. காம்ப்பிங் எப்ப வந்தது தெரியுமா? 2021 பிப்ரவரியில, லைவ் 11ல! இருபது வருஷம். அதுவரைக்கும் காசு கொடுத்து வாங்கினவங்களும் உங்களை மாதிரியே வெட்டி ஒட்டிக்கிட்டுத்தான் இருந்தாங்க.

ப்ரோ டூல்ஸ் இன்னும் பெரிய தலை. அதுல முடிச்ச பாட்டை ஒரே ஃபைலா வெளியே எடுக்கணும்னா, பாட்டு முழுசா ஓடி முடியணும். அஞ்சு நிமிஷப் பாட்டுக்கு அஞ்சு நிமிஷம் கை கட்டிக் காத்திருக்கணும். கடைசியில ஒரு சின்னத் தப்பு காதுல பட்டா, திருத்திட்டு மறுபடி அஞ்சு நிமிஷம்! வேகமா வெளியே எடுக்குற வசதி 2013ல, 11வது பதிப்புலதான் வந்தது.

ஆக, காசு மட்டும் வழி இல்லை. யாரோ வருஷக்கணக்கா விடாம கேட்டிருக்காங்க. அதுதான் விஷயம்.

காலேஜ்ல பிறந்த சாஃப்ட்வேர்

நம்மள்ல பாதிப் பேர் லேப்டாப்ல இருக்கிற ஆடாசிட்டிக்கு வருவோம். அது எங்கே பிறந்தது? அமெரிக்காவுல, பிட்ஸ்பர்க் நகரத்து கார்னகி மெலன் யுனிவர்சிட்டியில. 1999ல டொமினிக் மசோனிங்கிற மாணவரும், ரோஜர் டேனன்பர்க்ங்கிற பேராசிரியரும் ஆரம்பிச்சது. 2000 மே மாசம் வெளியுலகத்துக்கு வந்துச்சு. உங்க லேப் மாதிரி ஒரு இடத்துலதான் அது முளைச்சது பாஸ், ஆகாயத்துல இல்லை!

அதுல நெடுநாள் குறை ஒண்ணு இருந்தது. குரலுக்கு எக்கோ போட்டா, அந்த எக்கோ குரலோடவே கலந்து ஒலி அலையே மாறிடும். உடனே வேண்டாம்னா ‘அன்டூ’ இருக்கு. ஆனா ப்ராஜெக்ட்டை மூடிட்டுத் தூங்கி எழுந்து, “எக்கோ கொஞ்சம் ஓவரோ”ன்னு நினைச்சா... போச்சு! பாட்டு ஓடும்போதே எஃபெக்டைக் கூட்டிக் குறைச்சு, வேண்டாம்னா கழட்டி வைக்கிற வசதி 2022 செப்டம்பர்ல, 3.2 பதிப்புலதான் வந்தது.

ஏன் இவ்வளவு லேட்? சோம்பேறித்தனமா? இல்லை. வீட்டுக்கு ஒரு ஜன்னல் வைக்கணும்னா ஒரு நாள் வேலை. தூணை நகர்த்தணும்னா? ஒலியையே மாத்தி எழுதி வைக்கிற முறையிலதான் அந்த எஃபெக்டுகள் கட்டப்பட்டிருந்தது. நாம கேட்டது ஜன்னல்னு நினைச்சோம், அது தூண். ரொம்ப வருஷமா அதைக் கட்டிக் காத்தவங்க, வேலைக்குப் போயிட்டு மிச்ச நேரத்துல சம்பளம் இல்லாம உழைச்ச தன்னார்வலர்கள் வேற.

இன்னொரு காரணம், சட்டம். ஒரு காலத்துல ஆடாசிட்டியில எம்பி3யா சேமிக்கணும்னா, ‘லேம்’னு ஒரு தனி ஃபைலைத் தேடிப் பிடிச்சு இறக்கிப் போடணும். “இதைக்கூடச் சேர்த்துத் தர மாட்டாங்களா?”ன்னு திட்டாதவங்க கிடையாது. எம்பி3 மேல காப்புரிமை இருந்ததுதான் சிக்கல். 2017ல அந்த உரிம ஏற்பாடு முடிவுக்கு வந்தது. 2019ல வந்த 2.3.2 பதிப்புல லேம் உள்ளேயே வந்துடுச்சு. புரோகிராமரைத் திட்டினோம், தடுத்தது காப்புரிமை.

மிச்ர சாபும் பல்கேரிய டான்ஸும்

இப்ப என் சொந்தக் கதை. படிக்கிற காலத்துல ஒரு குட்டி ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் வெச்சிருந்தேன். பேர் வேண்டாம். ஒரு ஃப்ரெண்ட் மிச்ர சாபு தாளத்துல பாட்டு பண்ணியிருந்தா. ஏழு எண்ணிக்கை, மூணும் நாலுமாப் பிரியும். சாஃப்ட்வேர்ல ஏழு வெச்சா, ‘டிக்’ சத்தம் முதல் அடியில மட்டும் அழுத்தமா விழும், மிச்ச ஆறும் ஒரே மாதிரி. நாலாவது அடி எங்கேன்னு தெரியாம அவ திணறுவா. கடைசியில நான் பேனாவால டேபிள்ல தட்டி, அதை ரெக்கார்ட் பண்ணி, அதைக் கேட்டுக்கிட்டே அவ பாடினா. அவ்வளவு கேவலம்!

கோவத்துல எழுதிப் போட்டேன். “உங்க மெட்ரோனோம் வேஸ்ட். இந்திய தாளம் எல்லாம் சேர்க்கவும். அவசரம்.” பதிலே இல்லை. நான் அதைச் செஞ்சிருந்தாலும் பதில் போட்டிருக்க மாட்டேன்.

ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி எழுதினேன். இந்தத் தடவை திட்டலை. நடந்ததை அப்படியே சொன்னேன். ஏழு எண்ணிக்கை, மூணும் நாலும், அழுத்தம் எங்கே விழணும், இப்ப எங்கே விழுது, பேனா, டேபிள் எல்லாம். அந்தப் பேனா தட்டின ஒலியையும் கூடவே அனுப்பினேன்.

மூணாவது நாள் பதில்! “உங்க பாட்டுல மூணும் நாலும் இடையில இடம் மாறுமா? அழுத்தத்தை நீங்களே குறிச்சுக்க ஒரு வழி கொடுத்தா போதுமா?” கூடவே ஒரு வரி. பல்கேரிய நாட்டுப்புற இசை வாசிக்கிற ஒருத்தரும் இதே மாதிரி கேட்டிருக்காராம். அவங்க ஊர்ல ‘ராச்செனிட்சா’ன்னு ஒரு டான்ஸ் இருக்கு. அதுவும் ஏழு எண்ணிக்கைதான். ரெண்டு, ரெண்டு, மூணுன்னு பிரியும்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ‘மிச்ர சாபு சேருங்க’ன்னு மட்டும் கேட்டிருந்தா, அது யாரோ ஒருத்தரோட விசித்திர ஆசை. ‘அழுத்தம் எங்கே விழணும்னு நாங்க சொல்லணும்’னதும், முன்னே பின்னே பார்க்காத ரெண்டு பேரோட ஒரே பிரச்னை. அடுத்த பதிப்புல வந்துச்சு. பட்டன் மேல ‘இந்திய தாளம்’னு எல்லாம் எழுதலை. எழுதவும் தேவையில்லை.

நாம பட்டனைக் கேட்கிறோம் பாஸ். அவங்களுக்குத் தேவை, நமக்கு எங்கே வலிக்குதுங்கிறது. டாக்டர்கிட்ட போய் மாத்திரை பேரையா சொல்றோம்?

சரி, எப்படிக் கேட்கணும்?

* முதல்ல உதவிக் குறிப்பைப் படிங்க. நீங்க தேடுறது மூணாவது மெனுவுல ஒளிஞ்சுகிட்டு இருக்கலாம். எனக்கு நடந்திருக்கு. அசிங்கம்!

* வேற யாராவது ஏற்கெனவே கேட்டிருக்காங்களான்னு பாருங்க. கேட்டிருந்தா புதுசா ஆரம்பிக்காம, “எனக்கும் வேணும், இதுக்காக”ன்னு அதுலயே சேர்ந்துக்கோங்க.

* ஒரு கடிதத்துக்கு ஒரு கோரிக்கை. கல்யாண மளிகை லிஸ்ட் அனுப்பினா யாரும் படிக்க மாட்டாங்க.

* சாஃப்ட்வேரோட பதிப்பு எண், உங்க கம்ப்யூட்டர், என்ன மைக்... இதெல்லாம் ரெண்டு வரியில.

* “காம்ப்பிங் வேணும்”னு நிறுத்தாதீங்க. “ஒரு பாட்டை நாலு தடவை ரெக்கார்ட் பண்றோம். நல்ல வரிகளைச் சேர்க்க இப்ப இப்படி இப்படிச் செய்றோம். ரெண்டரை மணி நேரம் ஆகுது”ன்னு எழுதுங்க. அந்த ரெண்டரை மணி நேரம்தான் உங்க வக்கீல்.

* “என் இங்கிலீஷ் தப்பா இருந்தா சிரிப்பாங்களே...” சிரிக்க மாட்டாங்க. எனக்குப் பதில் போட்டவரோட இங்கிலீஷும் என்னோடது மாதிரியேதான் இருந்துச்சு!

‘வேண்டாம்’னு சொல்றதும் கோரிக்கைதான், மறந்துடாதீங்க. 2021ல மியூஸ் குரூப்ங்கிற நிறுவனம் ஆடாசிட்டியைக் கையில எடுத்துச்சு. எப்படிப் பயன்படுத்துறோம்னு தகவல் சேகரிக்கிற ஏற்பாட்டை, கூகுள், யாண்டெக்ஸ் சேவைகள் மூலமா சேர்க்கப் போறதா சொன்னாங்க. பயன்படுத்துறவங்க கொந்தளிச்சாங்க. அந்தத் திட்டத்தைக் கைவிட்டுட்டாங்க.

‘முடியாது’ன்னு சொல்லிட்டா?

சொல்லலாம். அவங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா அதோட கதை முடியறதில்லை. ரீப்பர்னு ஒரு சாஃப்ட்வேர். வின்ஆம்ப்பைச் செஞ்ச ஜஸ்டின் ஃப்ராங்கெல் உருவாக்கினது. அதுல இல்லாததை லுவா, பைத்தான்ல நாமே எழுதிச் சேர்த்துக்கலாம். ஆடாசிட்டியில டேனன்பர்க் உருவாக்கின ‘நைக்விஸ்ட்’ங்கிற மொழி இருக்கு, சில வரியில நீங்களே ஒரு எஃபெக்ட் எழுதலாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களே, ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு இன்னும் எத்தனை வருஷம் லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்?

ஜேம்ஸ் தேன்னு ஒருத்தர். பார்வை இல்லாதவங்களுக்குத் திரையைப் படிச்சுச் சொல்ற ‘என்விடிஏ’ங்கிற இலவச சாஃப்ட்வேரை உருவாக்கினதுல பங்கு உள்ளவர். அவருக்கும் பார்வை கிடையாது. ரீப்பர் திரையில இருக்கிறதைக் குரலாக் கேட்கிறதுக்கு ‘ஒசாரா’ன்னு ஒரு இணைப்பை உருவாக்கி, சும்மாவே எல்லாருக்கும் கொடுத்தார். இன்னைக்குப் பார்வை இல்லாத இசைக்கலைஞர்கள் அதை வெச்சு ரெக்கார்ட் பண்றாங்க. இல்லாத வசதின்னா நமக்கு ஒரு ராத்திரித் தூக்கம் போகும். அவங்களுக்கு வாசலே அடைச்சிருந்தது.

கடைசியா ஒரு கசப்பு

சீனியர்கிட்ட வாங்கின அந்தப் பென் டிரைவுக்கு வருவோம். அதுல இருக்கிறது கிராக் போட்ட காப்பி. சரியா தப்பான்னு க்ளாஸ் எடுக்க வரலை. ஒண்ணு மட்டும். அந்தக் காப்பியை வெச்சுக்கிட்டு நீங்க எதையும் கேட்க முடியாது. அந்தக் கம்பெனிக் கணக்குல நீங்க இல்லவே இல்லை. கணக்குல இல்லாதவன் குரல் யார் காதுலயும் விழாது.

யார் கேட்கிறாங்களோ, அவங்க ஊர் இசைக்குத்தான் வசதி வரும். 2024 மார்ச்ல வந்த லைவ் 12ல, பியானோவோட பன்னிரண்டு சுரங்களுக்கு வெளியே இருக்கிற சுருதி அமைப்புகளையும் வெச்சுக்கிற வழி வந்துச்சு. நம்ம தவில் சொல்லுக்கும், நாகஸ்வர கமகத்துக்கும், பறையோட அடிக்கும் என்ன தேவைன்னு பெர்லின்ல உட்கார்ந்து இருக்கிறவர் கனவா காண முடியும்? ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சுக்கிட்டு இருக்கிற நீங்கதான் சொல்லணும்.

அதனால இன்னைக்கு ராத்திரி லேப்டாப்பை மூடுறதுக்கு முன்னால பத்து நிமிஷம். எங்கே மாட்டினீங்க, எவ்வளவு நேரம் போச்சு, என்ன செஞ்சு சமாளிச்சீங்க... மூணே வரி எழுதி அனுப்புங்க. பதில் வரலாம், வராமலும் போகலாம். என் முதல் கடிதத்துக்கும் வரலை!

அடுத்த வாரம்: ஹாஸ்டல் ரூம்ல எதிரொலியை எப்படிக் கொல்றது? பழைய மெத்தைகளைத் தூக்கிப் போட்டுடாதீங்க!