ஞாயிறு யாருடைய சொத்து?

நிலத்துக்கு வேலி போட்டார்கள். ஆற்றுக்கு அணை போட்டு, அணையின் திறவுகோலை இடுப்பில் செருகிக் கொண்டார்கள். குடிக்கும் நீரைப் புட்டியில் அடைத்து விலை கூறினார்கள். மண்ணுக்கடியில் கிடந்த எண்ணெய்க்காக நாடுகளையே விலை பேசினார்கள். ஞாயிறு ஒன்றுதான் தப்பியது. ஆளவந்தாரின் அருளால் தப்பியதாக எண்ணிவிடாதீர்கள், தோழர்களே! எட்டாத உயரத்தில் இருந்ததால் தப்பியது. இன்று அந்த உயரத்துக்கும் ஏணி சாத்தப்படுகிறது.

விண்வெளியில் கதிரொளியைத் திரட்டி, அதனை மின்னாக்கி, நுண்ணலைக் கற்றையாக நிலத்துக்கு அனுப்பி, இங்கே மீண்டும் மின்சாரமாக மாற்றிக் கொள்ளும் திட்டமே அந்த ஏணி. 1968-இல் பீட்டர் கிளேசர் என்னும் பொறியியல் அறிஞர் 'சயன்ஸ்' ஏட்டில் இதனை விரித்தெழுதினார். 1973-இல் காப்புரிமையும் பெற்றார். காற்று மண்டலத்துக்கு அப்பால், கதிரவனை நோக்கிய ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பிலும் ஏறத்தாழ 1,361 வாட் ஆற்றல் பொழிகிறது. நிலத்திலோ, மேகமற்ற நடுப்பகலில் ஆயிரம் வாட் கிடைத்தால் பெரிது. மாலையில் மங்கும், மழையில் மறையும், இரவில் இல்லவே இல்லை. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக் கோளுக்கு நம்மைப் போல் இரவு கிடையாது. இரவும் பகலும் ஒத்திருக்கும் நாட்களை ஒட்டிய சில வாரங்களில் மட்டும், நாளொன்றுக்கு மிஞ்சிப் போனால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகப் பூமியின் நிழல் அதன்மீது விழும். அவ்வளவே!

ஏழு குதிரை பூட்டிய தேரில் ஞாயிறு வருவதாகச் சொன்னவர்கள், "இதுவும் எங்கள் பழைய ஏட்டில் உண்டு" என்று நாளை கிளம்பக்கூடும். அவர்களுக்கு விடை கூறிப் பொழுதை வீணாக்க வேண்டாம். "நடக்கக் கூடியதா இது?" என்று கேட்போருக்கு விடை கூறுவோம். கம்பியின்றி மின்னாற்றலை அனுப்பலாம் என்பது 1975-இலேயே கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் மெய்ப்பிக்கப்பட்டது. ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவுக்கு முப்பது கிலோவாட்டுக்கு மேல் சென்றது. 2023 சனவரியில் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தார் விண்ணுக்கு அனுப்பிய கருவி, அங்கே ஓரடித் தொலைவில் இருந்த இரண்டு சிறு விளக்குகளை ஏற்றிக் காட்டியது. அதே ஆண்டு மே மாதம், அது அனுப்பிய கற்றை பாசடினாவில் அக்கழகத்தின் கட்டடக் கூரைமீது உணரப்பட்டது. ஓரடித் தொலைவு! சிரிப்பு வருகிறதா? 1903-இல் ரைட் உடன்பிறந்தார் முதன்முதலில் பறந்தது பன்னிரண்டே வினாடி. அன்றும் சிரித்தவர்கள் இருந்தார்கள்.

விலை மிகுதி என்பார்கள். உண்மை. தரையில் பெறும் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தைவிட இது 12 முதல் 80 மடங்கு வரை விலை கூடுதலாகும் என்று 2024-இல் நாசாவின் அறிக்கையே கணக்கிட்டுச் சொன்னது. அந்தக் கணக்கோடு எனக்கு வழக்கில்லை. "விலை குறையட்டும், பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்ற சோம்பலோடுதான் வழக்கு. விலை எட்டாதிருக்கும் வரையில்தான் எவரும் பட்டா எழுதி முடித்திருக்க மாட்டார்கள். விலை குறைந்த பிறகு கேள்வி கேட்கப் போனால், "இடம் நிரம்பிவிட்டது, ஐயா!" என்ற விடைதான் கிடைக்கும்.

வானத்தில் இடம் நிரம்புமா என்கிறீர்களா? நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, முன்னர்ச் சொன்ன அந்த உயரத்தில், ஒரே ஒரு வளையம் இருக்கிறது. அதில் செல்லும் கோள் பூமியோடு ஒத்துச் சுழல்வதால், நம் தலைக்கு மேல் ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும். வானம் எல்லையற்றதாக இருக்கலாம். இந்த வளையம் எல்லையுள்ளது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமே 1973-இல் இதனை அளவுக்குட்பட்ட இயற்கை வளம் என்று தன் உடன்படிக்கையில் எழுதி வைத்தது.

1976 டிசம்பரில் கொலம்பியா, எக்குவடோர், கென்யா, உகாண்டா, இந்தோனேசியா முதலிய நிலநடுக்கோட்டு நாடுகள் பொகொட்டா நகரில் கூடி, "எங்கள் தலைக்கு மேலுள்ள வளையத் துண்டு எங்களுடையது" என்று பறைசாற்றின. வல்லரசுகள் ஒப்பவில்லை. விண்வெளியை எந்த நாடும் தனதாக்கிக் கொள்ளலாகாது என்ற 1967 உடன்படிக்கையை எடுத்துக் காட்டின. பொகொட்டாவில் கூடியோரின் வாதம் அறிவியல்படி பிழை என்றே நானும் கருதுகிறேன். கோளைப் பிடித்து நிறுத்துவது பூமி முழுவதன் ஈர்ப்பு; எக்குவடோர் மண்ணின் ஈர்ப்பு மட்டுமா? வாதம் பிழை, ஆனால் அச்சம் பிழையா? யாருக்கும் சொந்தமில்லை என்று ஏட்டில் எழுதிவிட்டு, முந்தி விண்ணப்பித்தவனுக்கே முதலிடம் என்று நடைமுறையை வகுத்துக் கொண்டார்கள். சொந்தமில்லை, ஆனால் அவன் இருக்கும் வரை வேறெவனும் அங்கே உட்கார முடியாது! இதற்கும் சொத்துரிமைக்கும் உள்ள வேற்றுமையைச் சட்டம் கற்றவர்கள் விளக்கட்டும். பசிபிக் கடலில் உள்ள தொங்கா என்னும் சின்னஞ்சிறு நாடு 1980-களின் இறுதியில் பதினாறு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டு, எதிர்ப்புக் கிளம்பியபின் ஆறோடு நிறுத்திக் கொண்டு, வாடகைக்கு விடத் தொடங்கியது. வானத்திலும் வாடகை வீடு!

சின்ன நாட்டின் சாமர்த்தியம் சிரிப்புக்கு உரியது. பெரிய நாட்டின் திட்டமோ சிந்தனைக்கு உரியது. 1973-இன் எண்ணெய்த் தடையில் சூடுபட்ட அமெரிக்கா, 1970-களின் இறுதியில் தன் எரிசக்தித் துறையையும் நாசாவையும் கொண்டு ஒரு மாதிரித் திட்டம் வரைந்தது. பத்துக் கிலோமீட்டர் நீளமும் ஐந்து கிலோமீட்டர் அகலமும் கொண்ட ஒவ்வொரு கோளும் 5,000 மெகாவாட் தரும். அதனை நிலத்தில் ஏற்கும் அலைவாங்கிக் களம் ஏறத்தாழப் பத்துக்குப் பதின்மூன்று கிலோமீட்டர். இப்படி அறுபது கோள்கள். எத்தனை நாடுகளுக்கு? ஒரே நாட்டுக்கு! 1981-க்குப் பின் அத்திட்டம் கிடப்பில் போடப்பட்டது. செலவு மலைபோல் நின்றதால் வளையம் பிழைத்ததே தவிர, அதைக் காக்க எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை.

அந்தக் கற்றை ஊரை எரித்துவிடும் என்பது வெறும் புரளி. அம்மாதிரித் திட்டத்தின்படி கற்றையின் நடுவிலும் சதுர மீட்டருக்கு 230 வாட்தான்; உச்சி வெயிலில் கால் பங்குக்கும் குறைவு. நிலத்திலிருந்து செல்லும் வழிகாட்டும் அலை நின்றுவிட்டால், கற்றை தானே சிதறிவிடும்படி அமைப்பார்கள். கற்றை எரிக்கும் என்று நான் அஞ்சவில்லை. திரும்பும் என்று அஞ்சுகிறேன். தேவைக்கேற்ப ஓரிடத்திலிருந்து வேறோரிடத்துக்கு உடனுக்குடன் திருப்பலாம் என்பதைத்தான் இத்திட்டத்தின் ஆதரவாளர்கள் பெருமையாகப் பேசுகின்றனர். யாருடைய தேவைக்கேற்ப? நிலக்கரிக் கப்பல் நின்றால் கையிருப்பு சில நாள் தாங்கும். எண்ணெய் நின்றால் வேறு சந்தை தேடலாம். கற்றை திரும்பினால், மருத்துவமனையில் அறுவை மேசைமீது படுத்திருப்பவனுக்கு என்ன கையிருப்பு? உடன்படிக்கையில் கையெழுத்திட மறுத்த நாட்டை வழிக்குக் கொண்டுவரப் படையும் வேண்டாம், பீரங்கியும் வேண்டாம், விசையொன்று போதும்.

1941-இல் ஐசக் அசிமோவ் ஒரு கதை எழுதினார். பெயரே 'ரீசன்'; பகுத்தறிவு என்று பொருள். விண்ணிலிருந்து கதிராற்றலைக் கோள்களுக்கு அனுப்பும் நிலையம் ஒன்றில் ஓர் இயந்திர மனிதன். தன்னைப் படைத்தவர்கள் மனிதர்கள் என்பதை அவன் நம்ப மறுக்கிறான். ஆற்றலை மாற்றும் பொறியையே ஆண்டவன் என்று துணிந்து, மற்ற இயந்திரங்களையும் அதன்முன் மண்டியிட வைக்கிறான். வேலையில் மட்டும் குறை வைப்பதில்லை; கற்றையை இம்மியும் பிசகாமல் செலுத்துகிறான். படித்தால் நகைப்போம். ஆனால் பகுத்தறிவு பேசும் என் இளந்தோழனே, விண்கலம் எழும்பும் காட்சியைக் கண்டு மெய்சிலிர்த்துக் கைதட்டிவிட்டு, "இது யாருடையது? கணக்கு யார் கையில்?" என்று கேளாமல் வீடு திரும்புகிறாயே, நீ அந்த இயந்திரத்தைவிட எந்த வகையில் மேல்?

இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் 2010-இல் அமெரிக்காவின் தேசிய விண்வெளிக் கழகத்தோடு சேர்ந்து, இத்துறையில் இந்தியாவும் அமெரிக்காவும் கூடி உழைக்க முயற்சியொன்றைத் தொடங்கினார். கூடி உழைப்பது நன்று. கூடி உழைக்கும்போதே திறவுகோல் யார் கையில் என்பதை எழுதிக் கொள்வது அதனினும் நன்று.

எழுத முடியாத ஒன்றா அது? தொலைத்தொடர்புக் கோள்களுக்கெனச் சில அலைவரிசைகளில், ஒவ்வொரு நாட்டுக்கும் குறைந்தது ஓரிடம் என்று 1988-இல் பங்கீடு வகுத்தார்கள். பிந்தி வரும் நாட்டுக்கும் பந்தியில் இலை போட்டு வைத்தார்கள். விண்மின்னுக்கு அப்படியொரு பங்கீடு இல்லை. மூன்று, நான்கு ஆண்டுகளுக்கொரு முறை உலக வானொலி மாநாடு கூடுகிறது. நம் அரசின் பேராளர்களும் செல்கிறார்கள். வளையத்தில் ஏழை நாட்டுக்கும் ஓரிடம், கற்றையைத் திருப்பும் விசைமீது பன்னாட்டுக் காவல் — இவ்விரண்டையும் கேட்க அவர்களுக்கு ஆணையிடப்பட்டிருக்கிறதா என்று உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். ஓர் அஞ்சலட்டை போதும்.