நிலத்தடி ஈமக்காடுகளும் நம் கடமையும்

மண்ணுக்கு மேல் நிற்கும் கோயிலுக்கும் கோட்டைக்கும் அவற்றின் தோற்றமே ஓரளவு காவலாகிறது. மண்ணுள் மறைந்த ஈமக்காடுகளுக்கோ, அவற்றின் இருப்பை அறிந்தோரின் நினைவும் அந்நினைவை ஏற்கும் சட்டமுமன்றி வேறு காவல் இல்லை.

1578ஆம் ஆண்டில் உரோமை நகரின் சலாரியா பெருவழியருகே மண் தோண்டிய தொழிலாளர் தற்செயலாகத் திறந்த நிலவறையில், தொடக்கக் காலக் கிறித்தவரின் கல்லறைகள் வெளிப்பட்டன. இத்தகைய நிலவறைகளின் சுண்ணப் பூச்சில் ஆட்டைத் தோளில் சுமக்கும் நல்லாயனையும், எரியுலையில் கைவிரித்து மன்றாடும் விவிலியத்தின் மூன்று இளைஞரையும் அம்மக்கள் தீட்டியிருந்தனர். அவற்றைப் பேணவென்றே 1852இல் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் ஓர் ஆணையத்தை நிறுவினார். மாந்தர் மூச்சின் ஈரமும் விளக்கொளியில் படரும் பாசியும் ஓவியங்களை அரிப்பதால், நாற்பதுக்கும் மேற்பட்ட அந்நிலவறைகளுள் மிகச் சிலவே இன்று பொதுமக்களுக்குத் திறந்திருக்கின்றன.

சென்னையை அடுத்த நம் பல்லாவரமும் இறந்தோரைத் தன்னுள் கொண்ட அத்தகைய மண்ணே. 1863 மே 30 அன்று நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் பூட் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ஊர் அது; அந்நூற்றாண்டிலேயே தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்து, கால்கள் பொருத்திய சுடுமண் ஈமப்பேழைகளை வெளிக்கொணர்ந்த ஊரும் அதுவே. உரோமையின் ஓவியங்கள் இங்கில்லை. ஆயினும் பெருங்கற்காலத்தார் தம் இறந்தோருடன் வைத்த மட்கலங்களில், காற்றுப் படாத உட்புறம் கருக்கவும் வெளிப்புறம் சிவக்கவும் சூளையை ஆண்ட குயவரின் வண்ண அறிவு நிலைத்திருக்கிறது. இறந்தோருக்கு எளியதைக் கொடுத்தனுப்ப மனம் ஒப்பாத அன்பும் அதில் உண்டு.

உரோமைக் கல்லறைகளுக்கு அவற்றைத் தம் முன்னோருடையவையென உரிமை கொண்டாடும் திருச்சபை இருந்தது. பல்லாவரத்துப் பேழைகளில் துயின்றோர்க்கு அத்தகைய உரிமையாளர் எவருமில்லை; ஆதலின் அவற்றைக் காக்கும் பொறுப்பு முழுவதும் அரசையும் நம்மையும் சார்ந்தது.

பல்லாவரத்தைப் போன்ற பாதுகாக்கப்பட்ட தொல்லிடத்தைச் சூழ்ந்த 100 மீட்டருக்குள் புதுக் கட்டடத்தைத் தொன்மைச் சின்னங்கள் சட்டத்தின் 2010ஆம் ஆண்டுத் திருத்தம் தடுக்கிறது. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர்வரை முன்னனுமதி கோருகிறது. இத்தடையை நாம் ஆதரிக்கிறோம். எனினும், வாழ்நாள் சேமிப்பால் சிறுமனை வாங்கிய குடும்பம், பாதுகாப்பின் எல்லை எதுவென்றே அறியாது அலைவது அறமாகாது. எல்லை தெளிவற்றிருக்கும்போது இரவோடிரவாக அடித்தளம் தோண்டப்படுகிறது. உடைந்த தாழி மண்ணோடு மண்ணாக வண்டியேறுகிறது.

எனவே, இந்தியத் தொல்லியல் துறை புல எண் வாரியாக எல்லை வரைந்து, தமிழில் அச்சிட்டு, வார்டு அலுவலகந்தோறும் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். பல்லாவரத்தையும் உள்ளடக்கி 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சி, அவ்வரைபடத்தோடு ஒப்பிடாமல் எந்த மனைக்கும் கட்டட ஒப்புதல் வழங்கலாகாது.