பிறப்பே விதியா?

1969 இல் அமெரிக்க உளவியலாளர் ஆதர் ஜென்சன், நுண்மதி வேறுபாடு பெரும்பாலும் பரம்பரைவழி வருவதென்றும், பின்தங்கிய சிறுவர்க்கான சிறப்புக் கல்வி பயனளிக்கவில்லையென்றும் எழுதினார். பிறப்பே விதியென்போர் அதனை இன்றும் துணைக்கழைப்பர்.

அவர்கள் 1934 இல் நோர்வே மருத்துவர் போலிங் கண்டறிந்த பீனைல்கீற்றோனூரியா நோயை நோக்குவாராக. பெற்றோர் இருவரிடமிருந்தும் பெறும் பரம்பரையலகின் பழுதால், உணவிலுள்ள பீனைலலனின் குருதியிற் பெருகி மூளையைச் சிதைக்கிறது. ஏனைய மகவுகளை வளர்க்கும் பாலே இம்மகவுக்கு நஞ்சாகிறது. எனவே சூழலே சகலமும் என்பாரும் தவறுவர். ஆயின், பிறந்த சில நாட்களிலேயே அப்பொருளைக் குறைத்து உணவூட்டின், அறிவும் நடத்தையும் இயல்பாக வளர்கின்றன. பரம்பரையலகு அப்படியே இருக்க, உணவு மாறியதால் வாழ்வு மாறுகிறது.

பரம்பரைவழி வந்தது மாறாதென்னும் முடிவு இங்கே தகர்கிறது. அம்முடிவைக் காட்டி ஏழைச் சிறுவனின் வகுப்பறையை மூடுவோர், விஞ்ஞானத்தின் பெயரால் அநீதியே புரிகின்றனர்.