நட்டது எத்தனை? பிழைத்தது எத்தனை?

ஜூன் 5-ந் தேதி உலகச் சுற்றுச்சூழல் தினம். அன்று எங்கு பார்த்தாலும் மரக்கன்று நடுவிழா! பிரமுகர்கள் மண்வெட்டி பிடிப்பார்கள். படம் எடுப்பார்கள். கேரளத்தில் அது மழை தொடங்கும் காலம். கன்று பிழைத்துக் கொள்ளும். திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டிலோ கதை வேறு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் காற்று அப்போதுதான் உக்கிரம் கொள்ளும். செம்மணல் பறக்கும். பருவமழைக்கு இன்னும் நாலு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் கன்று நடுவது, பச்சைப் பிள்ளையை வெயிலில் கிடத்துவதற்குச் சமம்.

தேரிக்கு ஏற்ற மாதம் ஐப்பசி. மழை பெய்து, மணல் முழங்கை ஆழம் நனைந்த பிறகே நட வேண்டும்.

மணலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒரு நல்ல குணமும் உண்டு. ஊற்றிய தண்ணீரைப் பிடித்து வைக்காது. ஆனால் மேல்மணல் காய்ந்துவிட்டால், அதுவே மூடிபோல் இருந்து அடி ஈரத்தைக் காக்கும். வேர் அந்த ஈரத்தை எட்டினால் கன்று பிழைத்தது, எட்டாவிட்டால் போயிற்று. பனை இந்த வித்தையை அறிந்த மரம். கொட்டை முளைத்ததும் இலை விடுவதில்லை. முதலில் கீழே இறங்குகிறது. ஜனங்கள் அவித்துத் தின்னும் கிழங்கு அதுதான்.

நாற்றங்காலில் நெடுநாள் கிடந்த கன்றுக்கு, பாலிதீன் பைக்குள் வேர் சுருண்டுவிடும். ஐந்தடி உயரக் கன்று மேடைக்கு அழகு, மணலில் தாங்காது. இலை கேட்கும் தண்ணீரை வேர் கொடுக்க முடியாது. தண்டு தடித்து, வேர் நேராக இறங்கிய குட்டைக் கன்றே மேல். பையைக் கிழித்து, சுருண்ட நுனியை வெட்டி, ஆழக் குழியில் வைக்க வேண்டும். குளத்து வண்டலும் மக்கிய எருவும் கலந்தால் ஈரம் நிற்கும். காற்று வரும் மேற்குப் பக்கம் ஒரு பனையோலைத் தட்டி போதும். தினமும் ஒரு செம்பு தெளிப்பதைவிட, வாரம் ஒருமுறை இரண்டு குடம் ஊற்றுவது நல்லது. செம்புத் தண்ணீர் வேரை மேலேயே நிறுத்திவிடும்.

2022-ல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் காடு, மரப்பரப்பை 33 சதவீதமாக உயர்த்த முனைந்தது. நல்ல இலக்கு. ஆனால் நட்ட கணக்கு மட்டும் ஏட்டில் ஏறினால் போதாது. ஐப்பசியில் நட்டதை அடுத்த புரட்டாசியில், காற்று ஓய்ந்தபின் எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கையைப் பஞ்சாயத்துப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். குழிக்குக் கூலி ஒதுக்குகிறவர்கள், முதல் கோடையில் குடம் சுமப்பவருக்கும் ஒதுக்கட்டும். வேலி முள்ளுக்கும் சேர்த்துத்தான். தேரியில் காற்றுக்குத் தப்பிய கன்றுக்காக ஆடு காத்திருக்கிறது.