ஏழு சீட்டு யாருக்குங்க?

மக்களே, புனேயில நம்மாளுங்க நடுவுல ஒரு வியாதி பரவிக்கிட்டு இருக்கு. பழைய வேனை மாத்தணும்னு வாயைத் திறந்தா போதும். "ஏழு சீட்டா பாருங்க சார், ஊர்லேர்ந்து ஆளுங்க வந்தா வசதி"ன்னு ஒரு கூட்டம். "காம்பாக்ட் எஸ்யூவி எடுங்க, கெத்தா இருக்கும்"னு இன்னொரு கூட்டம். ரெண்டு பேருக்கும் என் பதில் ஒண்ணுதான்: வேண்டவே வேண்டாம்.

எங்க வீட்டு ஆம்னி 2010 மாடல். 15 வருஷப் பதிவு 2025ல முடிஞ்சுது. ஃபிட்னெஸ் காட்டினா இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டலாம்தான். நல்லா உழைச்ச வண்டி, குறை சொல்ல மனசு வரலை. ஆனா இன்ஜின் சீட்டுக்குக் கீழ, ஏர்பேக் கிடையாது, முன்னாடி உக்கார்றவங்க முட்டிக்கும் எதிர்ல வர்ற லாரிக்கும் நடுவுல ஒரு தகரம். பாதுகாப்பு விதிகள் இறுகினதும் 2019ல அந்த மாடலையே நிறுத்திட்டாங்க. அதனால மாத்தறதுல சந்தேகமே இல்லை. எதுக்கு மாத்தறதுங்கறதுதான் சண்டை.

முதல்ல இந்த ஏழு சீட்டுக் கணக்கு. வீட்ல இருக்கறது நாலு பேர். அம்மா அப்பா, மச்சினன் குடும்பம் எல்லாம் ஒண்ணா வர்றது மே மாச லீவுல ஒரு வாரம். அந்த ஒரு வாரத்துக்காக மீதி 51 வாரமும் காலி சீட்டைச் சுமந்துக்கிட்டு ஹிஞ்சவடி டிராபிக்ல ஊர்ந்து போகணுமா?

சரி, அந்த ஒரு வாரமாவது உதவுமா? ஏழு பேரும் உக்காந்துட்டா டிரைபர்ல டிக்கி 84 லிட்டர், எர்டிகால 209 லிட்டர். ஏழு பேரோட பெட்டியை எங்க வைப்பீங்க? மடியிலயா? அஞ்சு சீட்டு டிசைர்ல 382 லிட்டர், ஆல்ட்ரோஸ்ல 345 லிட்டர்.

அடுத்து காசு. 2025 செப்டம்பர் 22லேர்ந்து நாலு மீட்டருக்குள்ள, 1200 சிசிக்குள்ள இருக்கற பெட்ரோல் வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். எர்டிகா மாதிரி அதைத் தாண்டினா 40 சதவீதம். அடிப்படை மாடல்லயே டிசைருக்கும் எர்டிகாவுக்கும் சுமார் ரெண்டரை லட்சம் வித்தியாசம். டிரைவரோட இன்னோவா வாடகை நாளைக்கு ஆறாயிரம்னு வெச்சாக்கூட, அந்தக் காசுக்கு நாப்பது நாள் ஓட்டலாம். மச்சினனை மகாபலேஷ்வர் கூட்டிட்டுப் போக நாப்பது நாளா ஆகும்? :-)

இதெல்லாம் சில்லறை விஷயம். எனக்கு நிஜமாவே கோபம் வர்ற இடம் வேற. மூணாவது வரிசையில யார் உக்கார்றாங்க? மாமாவா, சித்தப்பாவா? குழந்தைங்க! சின்ன ஏழு சீட்டு வண்டிங்கள்ல கடைசி வரிசைத் தலைக்கும் டிக்கிக் கதவுக்கும் நடுவுல இடமே கிடையாது. எக்ஸ்பிரஸ்வேல பின்னாடி ஒருத்தன் வந்து இடிச்சா முதல் அடி அங்கதான். வீட்லயே சின்ன உயிரைக் கொண்டுபோய் அங்க வெச்சுட்டு அதுக்குப் பேரு வசதியா?

ஆம்னி நமக்குப் பழக்கின இன்னொரு கெட்ட குணம், "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ". எட்டு பேர், ஒம்பது பேர், மடியில ஒண்ணு. அஞ்சு சீட்டு வண்டின்னா ஆளுக்கொரு பெல்ட்டுன்னு எண்ணித்தான் ஏத்தணும். பின் சீட்லயும் பெல்ட் கட்டாயம், கட்டலைன்னா 1,000 ரூபாய் அபராதம். 2022 செப்டம்பர்ல பால்கர் பக்கம் சைரஸ் மிஸ்திரி இறந்தப்போ அவர் உக்காந்திருந்தது பின் சீட்ல, பெல்ட் போடாம. அதுக்கு அப்புறமும் பெல்ட்டை முதுகுக்குப் பின்னாடி சொருகி வைக்கறவங்களை என்ன சொல்ல!

"எல்லாம் சரி, ஓட்ட ஜாலியா இருக்குமா?"ன்னு கேக்கறீங்க. அங்கதான் சின்ன வண்டி அடிச்சுத் தூக்கும். ஜாலிங்கறது சன்ரூஃப்ல இல்லை, எடை குறைச்சல்ல இருக்கு. இப்ப இருக்கற ஸ்விஃப்ட் ஒரு டன்னுக்கும் கம்மி, சுமார் 82 குதிரை சக்தி. டிசைருக்கும் அதே இன்ஜின். கம்பட்கி காட் ஏறி இறங்கறப்போ தாழ்வான, லேசான வண்டி திருப்பத்துல சொன்ன பேச்சைக் கேக்கும். உயரமான வண்டி ஒரு பக்கம் சாயும், பின்னால குழந்தை வாந்தி எடுக்கும்.

எதிர்க்கட்சி வாதத்துல நியாயமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு முட்டி வலின்னா தாழ்வான சீட்ல இறங்கி ஏறறது கஷ்டம்தான். ஊர்ப்பக்கம் மண் ரோடுன்னா அடி தட்டும். வருஷம் முழுக்க அப்பா அம்மா கூட இருக்கற வீடுன்னா உயரமான வண்டியே எடுங்க, நான் குறுக்க நிக்கலை. நான் கேக்கறது, கூட இல்லாதவங்களுக்காக ஏன் வாங்கறீங்கன்னுதான். ஊருக்கு எப்படியும் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்லதானே போறோம்? 1,400 கிலோமீட்டருக்கு மேல யார் ஓட்டறது?

வேலைக்காக ஊர் ஊரா மாறுற நமக்கு இன்னொண்ணு. வேற மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வண்டியை வெச்சிருந்தா மறுபதிவு பண்ணணும். என்ஓசி, திரும்பவும் வரின்னு ஆர்டிஓ வாசல்ல நிக்கணும். நாலு மாநிலத்துல ஆபீஸ் இருக்கற கம்பெனியில வேலைன்னா, 2021லேர்ந்து பிஎச் பதிவு கிடைக்குது. ரெண்டு ரெண்டு வருஷமா வரி கட்டினா போதும். 10 லட்சத்துக்குக் கீழ 8 சதவீதம், அதுக்கு மேல 20 லட்சம் வரை 10 சதவீதம். இங்கயும் சின்ன வண்டிக்குத்தான் லாபம்.

என் ஓட்டு டிசைருக்கு, மேனுவல் கியர். 2024 நவம்பர்ல குளோபல் என்கேப்ல பெரியவங்க பாதுகாப்புக்கு அஞ்சு ஸ்டார் வாங்கின வண்டி. தங்கமணி ஓட்டு ஆல்ட்ரோஸுக்கு. அதுவும் 2020லயே அஞ்சு ஸ்டார். எது ஜெயிக்கும்னு உங்களுக்கே தெரியும், ஹி ஹி.

நீங்க எதை எடுத்தாலும் ஒண்ணு செய்யுங்க. டெஸ்ட் டிரைவுக்குத் தனியா போகாதீங்க. வீட்ல இருக்கற எல்லாரையும் ஏத்தி, பெல்ட் போட்டு, ஒரு காட் ரோட்ல ஓட்டிப் பாருங்க. இறங்கினதும் பின் சீட்ல இருந்தவங்களை முதல்ல கேளுங்க. சேல்ஸ்மேனை அப்புறம் கேக்கலாம்.

டிஸ்கி: எந்தக் கம்பெனியும் எனக்கு ஒரு சாவிக்கொத்துகூட குடுத்ததில்லை.